கொழுப்பெடுத்துச் சாகவில்லை

“கொழுப்பெடுத்துப் போனா. அந்தக் கொழுப்பே கொன்னுடுச்சு.”

2018இல் செய்தி அறையில் என் பக்கத்து மேஜையிலிருந்து வந்த வாசகம் இது. பிட்டத்தை எடுப்பாக்கிக்கொள்ளத் துருக்கிக்குப் போன பிரிட்டன் பெண் ஒருவர் சிகிச்சையில் இறந்துபோனார் என்ற செய்தியை நான் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சொன்னவர் ஈரமில்லாத மனிதர் அல்ல. இரண்டு பெண்களைப் பெற்று ஆளாக்கியவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். “இருக்கிறத வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?” என்றார் இன்னொருவர். நான் பதில் பேசவில்லை. ‘பிட்டம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அழகு அறுவைச் சிகிச்சை’ என்று மாற்றி அனுப்பிவைத்தேன். சினிமாப் பக்கத்தில் ‘பின்னழகு’ என்று தாராளமாகப் போடுகிற அதே நாளிதழில், ஒரு சாவுச் செய்தியில் அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன்.

நோய்க்குச் சிகிச்சை எடுத்துச் செத்தால் பாவம், அழகுக்குச் சிகிச்சை எடுத்துச் செத்தால் அவளாகத் தேடிக்கொண்ட வினை. இந்தத் தீர்ப்பு அந்த ஓர் அறைக்கு மட்டும் உரியதல்ல. டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைத் தள்ளிவிடுபவரும் மெத்தப் படித்தவரும் இதையேதான் சொல்கிறார்கள். தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள் இருப்பதால், தீர்ப்பெழுத அந்த ஒரு சொல்லே போதுமாகிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பைத்தான் நான் மறுக்கிறேன். இப்படி இறந்த பெண்களை ஆசை கொல்லவில்லை. கொன்றது எது என்பது, எந்தக் குழாய், எந்தத் தசை, எந்த ரத்தக்குழாய் என்கிற அளவுக்குத் தெரிந்துபோன விஷயம். தெரிந்த பிறகும் ஆசையின் தலையில் பழியைப் போட்டால், உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்களை நாமே வழியனுப்பி வைக்கிறோம்.

குழாயின் நுனி

தொய்ந்த பிட்டத்தைத் தூக்கி நிறுத்துவது என்ற பேச்சில் இரண்டு வெவ்வேறு அறுவைச் சிகிச்சைகள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, மிகுந்து தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் தைப்பது. பிரேசிலின் புகழ்பெற்ற மருத்துவர் இவோ பிட்டாங்கி, தொடையும் பிட்டமும் சேரும் பகுதியை இப்படி வடிவமைக்கும் முறையை 1964இல் மருத்துவ இதழில் விவரித்தார். இன்னொன்று, வயிற்றிலும் இடுப்பிலும் உறிஞ்சி எடுத்த கொழுப்பைப் பிட்டத்துக்குள் செலுத்தி நிரப்புவது. ‘பிரேசிலியன் பட் லிஃப்ட்’, சுருக்கமாக பிபிஎல் என்று உலகம் முழுவதும் விற்பனையாவது இதுதான். பெயரில் தூக்குவது இருந்தாலும் இது எதையும் தூக்குவதில்லை; நிரப்புகிறது. நீளமான தழும்பு விழாது, சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் சந்தையில் இது ஓடியது. நாம் செய்தியில் படிக்கும் சாவுகளில் பெரும்பாலானவை இதில் நேர்ந்தவை.

அறுவை அரங்கில் நடப்பது இது. நோயாளி மயக்கத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். பிட்டத்தின் மடிப்பில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் துளை. அதன் வழியே கேன்யூலா என்கிற மெல்லிய உலோகக் குழாய் உள்ளே போகிறது. தோலுக்கு அடியில் மஞ்சள் நிறக் கொழுப்புப் படலம். அதற்கும் அடியில் நம் உடம்பிலேயே மிகப் பெரிய தசை. அந்தத் தசைக்கு அடியில், தடித்த, ஆனால் சுவர் மெலிந்த பிட்டச் சிரைகள். அவை போய்ச் சேரும் பெருஞ்சிரை நேராக இதயத்தின் வலப்பக்கத்தில் முடிகிறது. அங்கிருந்து அடுத்த இடம் நுரையீரல்.

மருத்துவரின் மணிக்கட்டு சற்றே தாழ்ந்தால் குழாயின் நுனி கொழுப்புப் படலத்தைத் தாண்டித் தசைக்குள் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. தசைக்குள் அழுத்தத்தோடு செலுத்தப்படும் கொழுப்பு, கிழிந்த சிரை ஒன்றைக் கண்டால் அதற்குள் புகுந்துவிடுகிறது. சில நிமிடங்களில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. கொழுப்பு அடைத்த நுரையீரலை மீட்டெடுப்பது மிகமிகக் கடினம்.

ஏன் தசைக்குள் செலுத்தினார்கள்? தசையில் ரத்த ஓட்டம் அதிகம், அங்கே வைத்தால் கொழுப்பு கரையாமல் பிழைக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அப்படியே செய்தும் வந்தார்கள். குப்புறக் கிடந்த எந்தப் பெண்ணும் “தசைக்குள் போடுங்கள்” என்று கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரு வடிவம். எத்தனை ஆழம் என்பது மருத்துவரின் முடிவு.

2017இல் அழகு அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் பணிக்குழு ஒன்று உலகெங்கும் உள்ள மருத்துவர்களிடம் கணக்குக் கேட்டு வெளியிட்டது. 692 மருத்துவர்கள் பதில் தந்தார்கள். அவர்கள் அதுவரை செய்திருந்த சிகிச்சைகள் 198,857. கொழுப்பு நுரையீரலை அடைத்து இறந்தவர்கள் 32 பேர். இந்தச் சிகிச்சையில் அதிகபட்சமாக 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கலாம் என்ற மதிப்பீடு அப்போது வந்தது. அழகு அறுவைச் சிகிச்சைகளில் இதைப் போல ஆளைக் கொல்வது வேறில்லை என்று மருத்துவ உலகமே அதிர்ந்தது. அடுத்து பிரேதப் பரிசோதனைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். இறந்த ஒவ்வொருவரின் பிட்டத் தசையிலும் கொழுப்பு இருந்தது. தோலுக்கு அடியில் மட்டும் கொழுப்பு இருந்து இறந்தவர் என்று ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை.

2018இல் எச்சரிக்கை வந்தது: தசைக்குள் செலுத்தாதீர்கள், மெல்லிய வளையும் குழாயைத் தவிருங்கள், நுனி எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணமும் மறக்காதீர்கள். அடுத்த சில ஆண்டுகளில் எடுத்த கணக்கில், ஏறக்குறைய 15,000 பேருக்கு ஒருவர் என்று சாவு இறங்கியிருந்தது. மருத்துவர்களே தந்த கணக்கு என்பதால் கூடக்குறைய இருக்கலாம். ஆனாலும் இறக்கம் பெரியது. இடையில் மாறியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெண்களின் ஆசை மாறவில்லை. கண்ணாடியும் இன்ஸ்டாகிராமும் மாறவில்லை. குழாய் போகும் ஆழம் மாறியது. ஆசைதான் கொன்றது என்றால், ஆசை அப்படியே இருக்கும்போது சாவு எப்படி ஐந்தில் ஒன்றாகக் குறையும்?

நாளைக்கு எத்தனை பேர்

எச்சரிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கேட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில், மயாமியைச் சுற்றி, 2010 முதல் 2022 வரை 25 பேர் இந்தச் சிகிச்சையில் கொழுப்பு அடைத்து இறந்தார்கள் என்று அங்குள்ள மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தசைக்குள் செலுத்தக் கூடாது என்று அந்த மாநில மருத்துவ வாரியம் 2019இலேயே விதி போட்டது. ஆனாலும் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த எச்சரிக்கைகளுக்குப் பிறகு இறந்தவர்கள்.

எங்கே இறந்தார்கள்? பெரும்பாலும், கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம் என்ற கணக்கில் நடக்கும் கிளினிக்குகளில். ஒரே மருத்துவர், ஒரே நாளில், ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு. இது கண்ணால் அல்ல, கை உணர்வால் செய்கிற வேலை. குழாயின் நுனி கொழுப்பில் இருக்கிறதா, தசையைத் தொடுகிறதா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். காலையில் முதல் ஆளுக்குச் சொன்ன கை, மாலையில் ஆறாவது ஆளுக்கும் அதே நுட்பத்தோடு சொல்லுமா? நாள் முழுக்கத் தறியில் நின்றவரைக் கேளுங்கள், தையல் மெஷினில் உட்கார்ந்தவரைக் கேளுங்கள். அங்கே கை தவறினால் துணி வீண். இங்கே ஓர் உயிர்.

2022 ஜூனில் ஃபுளோரிடா வாரியம் அவசர விதி ஒன்றைக் கொண்டுவந்தது: ஒரு மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது, கொழுப்பைச் செலுத்தும்போது அல்ட்ராசவுண்ட் கருவியில் குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டே செலுத்த வேண்டும். 2023இல் சட்டமே வந்தது. சிகிச்சைக்கு முந்தைய நாளுக்குள் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்துப் பரிசோதித்திருக்க வேண்டும் என்கிறது அது. இப்படி ஒரு வரியைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததை யோசித்துப் பாருங்கள். தன்னை அறுக்கப்போகிறவரின் முகத்தை அறுவை நாளன்றுதான் பார்ப்பது வழக்கமாகியிருக்காவிட்டால் இந்த வரிக்குத் தேவை என்ன?

“யாரும் கட்டாயப்படுத்தலையே, தெரிஞ்சுதானே போறாங்க” என்பவர்களுக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. எது தெரிந்து போனார்கள்? 2017க்கு முன்னால் 3,000க்கு ஒன்று என்ற எண்ணை மருத்துவர்களே அறியவில்லை. அதற்குப் பிறகும் அந்த எண்ணை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பல இடங்களில் பேசியது விற்பனைப் பிரிவு. கையெழுத்து வாங்கிய தாளில் ‘அரிதாக உயிராபத்து’ என்று ஒரு வரி இருப்பது வேறு. ‘உங்கள் சிரைகள் இங்கே இருக்கின்றன, நான் இந்த ஆழத்துக்கு மேல் போக மாட்டேன், இன்று உங்களோடு சேர்த்து இத்தனை பேருக்குச் செய்கிறேன்’ என்று சொல்வது வேறு. இரண்டாவதைக் கேட்டுவிட்டுப் போனவள்தான் தெரிந்து போனவள்.

“அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே” என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனின் அழகு அறுவைச் சிகிச்சை மருத்துவர் சங்கம் 2018இல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. தெளிவு கிடைக்கும்வரை இதைச் செய்யாதீர்கள் என்று உறுப்பினர்களிடம் சொன்னது. அதில் பொறுப்பு இருந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளூரில் கதவடைத்தால் விமானம் ஏறுவார்கள். விமானத்துக்குக் காசில்லாதவர்கள் கிடைக்கிற கைக்குப் போவார்கள். 2024இல் இங்கிலாந்தில் ஒரு பெண் இறந்தது அறுவை இல்லாமல், ஊசியால் ஃபில்லர் என்கிற நிரப்புப் பொருளைச் செலுத்திக்கொண்ட பிறகு. அந்த ஊசியைப் போடுபவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த நாட்டுச் சட்டத்தில் அப்போது இல்லை. அதே பிரிட்டன் சங்கம் 2022இல் தன் அறிவுரையை மாற்றியது: தோலுக்கு அடியில் மட்டும், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே என்றால் செய்யலாம் என்றது. கண்ணை மூடிக்கொண்டு செய்த ஒன்றைக் கண்ணைத் திறந்து செய்யச் சொன்ன மாற்றம் அது.

என் அக்காவின் கண்ணாடி

இனி, ‘தேவையா இது?’ என்ற கேள்விக்கு வருகிறேன். தேவைக்கும் ஆசைக்கும் நடுவில் சுவர் இருப்பதாக நானும் ஒரு காலத்தில் நம்பியவள்தான். என் பெரியம்மா மகள் அந்தச் சுவரை இடித்தாள்.

அக்கா 118 கிலோ இருந்தவள். சர்க்கரை, மூச்சுத்திணறல், மூட்டுவலி என்று ஒவ்வொன்றாகச் சேர, இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டு இரண்டு வருஷத்தில் 64 கிலோவுக்கு வந்தாள். ஊரே மெச்சியது. புடவைக்குள் இருந்ததை ஊர் பார்க்கவில்லை. வயிற்றிலும் பிட்டத்திலும் காலியான தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. சித்திரை வெயிலில் மடிப்புகள் உரசிப் புண்ணாகும். பெரியப்பாவின் பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, பவுடர் தடவி, மடிப்புக்குள் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவாள். உட்கார்ந்தால் தோல் அடியில் மடங்கி நசுங்கும். கல்யாண வீட்டில் தரையில் இலை போட்டால் பந்திக்கு வர மாட்டாள்.

தொங்கும் தோலை இடுப்பைச் சுற்றிப் பட்டையாக எடுத்துத் தூக்கித் தைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி: “இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?”

அவள் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போலத் தையல். இரண்டு பக்கமும் ரத்த நீர் வடியும் குழாய்கள். மல்லாந்தால் தையல் இழுக்கும், குப்புறப் படுத்தால் வயிறு இழுக்கும். வலப்பக்கம் ஓர் இடத்தில் தையல் பிரிந்து, புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்தச் சிகிச்சையில் அப்படி நேர்வது உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. எட்டாவது மாதம் ஒரு காதுகுத்து விருந்தில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன். இரண்டாம் தரம் சாம்பார் கேட்டு வாங்கினாள்.

அன்று திரும்பும் வழியில், “இனிமே உன்னை யாரும் குறை சொல்ல முடியாதுக்கா. நீ புண்ணுக்காகத்தானே பண்ணே” என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “புண்ணுக்காக மட்டும் இல்லடி. கண்ணாடிக்காகவும்தான். அதைச் சொன்னா குறைஞ்சா போயிடுவேன்?”

குறையவில்லை. அழகாக இருக்க விரும்புவது நோயாளியாக இருப்பதைவிடக் கீழான காரணம் என்று யார் விதித்தது? பிட்டாங்கி ரியோவில் பணக்காரர்களுக்குச் செய்த சிகிச்சையை, சாந்தா காசா தரும மருத்துவமனையில் ஏழைகளுக்கும் கிடைக்கும்படி செய்தவர். 1961இல் நித்தெராய் நகரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டபோது, கருகிய உடல்களோடு பிழைத்தவர்களுக்குத் தோலை ஒட்டிச் சீராக்கியவர்களில் அவரும் ஒருவர். தீயில் சிதைந்த முகத்தைச் சீராக்குவதும் பிள்ளைப்பேற்றாலும் வயதாலும் தளர்ந்த உடம்பைச் சீராக்குவதும் அவருக்கு ஒரே கைவேலையின் இரண்டு முனைகள். வடிவத்தின் மேல் மனிதருக்குள்ள பற்று இறக்குமதிச் சரக்கும் அல்ல. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் உமையின் இடுப்பு வளைவைப் பார்த்தவருக்கு, அதை வார்த்த கை எவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்கும் என்று தெரியும்.

பழி யார்மேல்

பெண்ணின் பிட்டத்தைப் பற்றிய பேச்சில் பழி எப்போதும் பெண்மேலேயே விழுந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண் சாரா பார்ட்மன் இயற்கையாகவே பருத்த பிட்டம் உடையவர். அந்த ஒன்றுக்காக 1810இல் அவரை லண்டனுக்குக் கொண்டுபோய்க் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். பிறகு பாரிஸ். 1815இல் அங்கேயே இறந்தார். இறந்த உடலை ஜார்ஜ் குவியே என்ற பெரிய விஞ்ஞானி அறுத்து, அச்சு எடுத்து, எலும்புக்கூட்டைப் பாதுகாத்தார். 1970கள்வரை அது பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தது. 2002இல்தான் அவருடைய எச்சங்கள் தாய்மண்ணுக்குத் திரும்பி அடக்கம் ஆயின. பிறப்பிலேயே அந்த வடிவம் இருந்த பெண்ணை விலங்கைப் போலக் காட்டினார்கள். இன்று அந்த வடிவத்தைக் காசு கொடுத்து வாங்கப் போய் இறக்கிற பெண்ணைக் கொழுப்பெடுத்தவள் என்கிறோம். இருந்தாலும் குற்றம், விரும்பினாலும் குற்றம் என்றால், குற்றம் அவள் உடம்பில் இல்லை.

ஆண்களுக்கு நாம் இப்படித் தீர்ப்பெழுதுவதில்லை. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். அதுவும் அழகுக்காகச் செய்துகொண்டதுதான். அப்போது நாம் கேட்டது சரியான கேள்வி: அந்த இடத்துக்கு உரிமம் இருந்ததா? சலூன் நடத்தத்தான் உரிமம் இருந்தது என்பது தெரிந்தது. அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். அந்தப் பையனின் வழுக்கையை யாரும் விசாரணைக்கு இழுக்கவில்லை. இழுக்காததுதான் நியாயம். அந்த நியாயத்தைப் பெண்ணுக்கும் தரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒருத்தி முடிவெடுக்கலாம்; நானும் அப்படித்தான் எடுப்பேன். ஆனால் பழியை ஆசையின்மேல் போடும்போது நடப்பது இது: இறந்தவள் தவறு செய்தாள் என்று கோப்பு மூடப்படுகிறது. தசைக்குள் குழாயை இறக்கியவரும் நாளுக்கு இத்தனை என்று ஆளடைத்த கிளினிக்கும் எச்சரிக்கை வந்தும் விதி எழுதத் தாமதித்த வாரியமும் ஓசையில்லாமல் வெளியே போய்விடுகிறார்கள். அடுத்த நாள் அதே மேஜையில் வேறொருத்தி குப்புறப் படுக்கிறாள். ‘தேவையா இது?’ என்ற கேள்வி அவளைக் காப்பாற்றாது. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் பல பெண்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல், துணைக்கு ஆளில்லாமல், மலிவான இடம் தேடித் தனியாகப் போகிறார்கள்.

இப்படி ஒரு செய்தி மறுபடியும் என் மேஜைக்கு வந்தால் பிட்டம் என்ற சொல்லை அடிக்க மாட்டேன். உறுப்பின் பெயர் இல்லாமல் அங்கே எந்தச் சிரை இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்ல முடியாது. பக்கத்து மேஜையிலிருந்து கொழுப்பு என்ற சொல் வந்தால், இந்த முறை திரும்பி, அந்தக் கொழுப்பைப் பற்றியே கேட்பேன். அதை எவ்வளவு ஆழத்தில் செலுத்தினார்கள்? செலுத்தியவர் யார்? ஸ்கேன் பார்த்தாரா? அன்றைக்கு அந்த மேஜையில் அவள் எத்தனையாவது ஆள்?